லிஸ்பனுக்குப் போக ஒரு காரணம்

எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், யோசிக்கவே கூடாது, சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும், அதற்காக ரொம்பவும் சிரித்துவிடக் கூடாது, ரொம்பச் சிரித்தால் போனவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று தூத்துக்குடி டிராவல்ஸ்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அளவான சிரிப்பைத்தான் ஹில்டா மிராந்தா உதட்டுக்குள் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் அந்த விசா மையத்தின் ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. சுவரில் சிவப்பு எண் மாறுவதும், மாறும்போதெல்லாம் ஒரு மணி அடிப்பதும், அடிக்கும்போதெல்லாம் அவள் கையிலிருந்த டோக்கனைக் குனிந்து பார்ப்பதுமாகக் காலை போய்க்கொண்டிருந்தது. டோக்கனில் அதே எண்தான், அது எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, இருந்தாலும் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் கொரற்றி மைனி, அவளுடைய அண்ணன் பெண்டாட்டி, சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். போர்ச்சுகல் எனக்குப் பிடித்த நாடு. சரி, ஏன் பிடிக்கும்? அங்கே கடல் இருக்கிறது. தூத்துக்குடிக்காரி கடல் பார்க்க விமானம் ஏறுகிறாள் என்றால் கேட்கிறவன் சிரிக்கமாட்டானா. மீன் நன்றாக இருக்கும், சாளையைத் தணலில் வாட்டித் தெருவிலேயே மேஜை போட்டுத் தருகிறார்கள். சாளையா! வீட்டில் சாளை பொரித்தால் சட்டையெல்லாம் நாறுகிறது என்று அண்ணன் ஜெரால்டு சண்டைக்கு வருவான். பழைய கோயில்கள் இருக்கின்றன, பனிமய மாதா கோயில் மணிச் சத்தத்தில் பல் தேய்த்து வளர்ந்தவள் சொல்கிற காரணமா இது. செங்குத்தான தெருக்களில் மஞ்சள் டிராம் ஏறி இறங்கும், அதைச் சொல்லலாம், டிராம் தூத்துக்குடியில் கிடையாது. ஆனால் ஒரு டிராமில் உட்காருவதற்காகவா ஒருத்தி ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு தூரம் போவாள்? அண்ணனைக் கேட்டால் அவன் ஒரே போடாகப் போடுவான், நாம மிராந்தா, நம்ம பூர்வீகம் அங்க, அங்கன போயி மிராந்தான்னு சொல்லு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடுவான். அவன் அதை நம்பவும் செய்கிறான். எந்தக் காலத்திலோ முத்துக்குளித்துறைப் பரதவன் ஒருவன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது ஞானத்தகப்பனாக நின்ற எவனோ ஒரு மிராந்தா தன் பேரைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டான், அவ்வளவுதான் உறவு. இதை அண்ணனிடம் சொன்னால் அவன் முகம் வாடிவிடும். அதனால் அவள் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவள் சொல்லாமல் விட்டவை நிறைய.

அதில் ஒன்றை இன்றைக்குச் சொல்லாமல் விட முடியாது. கவுண்டருக்குப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். கவுண்டரில் விரல் ரேகை வைத்துவிட்டால் அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே ஹோட்டல், ஒரே அறை, ஒரே பேருந்து, பத்து நாளும் மைனியோடு. மைனி, நீங்க வரவேண்டாம், நான் தனியாப் போறேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? முந்தின நாள் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம், இன்று காலை எழும்பூரில் இறங்கிக் காப்பி குடித்தபோதாவது சொல்லியிருக்கலாம். மைனி அப்போது மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை ஒன்றுக்கு மூன்றாகப் பாலித்தீன் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். விசா ஆபீசருக்காம். ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவார்களா என்று கேட்டாள். அது வீடு இல்லை மைனி என்றால், ஆளு இருக்குல்லா, ஆளு இருந்தா வீடுதான் என்றாள். வாசலில் காவலாளி பொட்டலத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாப்பாட்டுச் சாமான் உள்ளே விடமாட்டோம் என்று கையை விரித்துவிட்டான். கீழே ஜெராக்ஸ் கடையில் பையோடு அதைக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து மைனி மூன்று தடவை கேட்டாயிற்று, எறும்பு ஏறிருமோ ஹில்டா? இந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது? கெட்டவளாக இருந்தால் சொல்லிவிடலாம். கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

எல்லாம் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த வினை. பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரசம் ஊற்றும்போது சாதாரணமாகச் சொல்வதுபோல, நான் லீவுக்குப் போர்ச்சுகல் போகலாம்னு இருக்கேன் என்று சொன்னாள். சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழகியிருந்ததால் அது கொஞ்சமும் சாதாரணமாக வரவில்லை. அண்ணன் கை சோற்றில் நின்றது. அங்க யாரு இருக்காவ? என்றான். யாரும் இல்லை. யாரும் இல்லாத ஊருக்கு என்னத்துக்குப் போற? அவன் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். அவர்களுக்குத் தெரிந்து வெளிநாடு போனவர்கள் எல்லோரும் ஓர் ஆளிடம் போனவர்கள். மகள் பிரசவத்துக்கு, மகன் வீடு பால் காய்ச்ச, தம்பி துபாயில், மச்சான் மஸ்கட்டில். ஊர் என்பது அங்கே இருக்கிற ஆள். ஆள் இல்லாத ஊர் வரைபடத்தில் இருக்கலாம், மனுஷர் போகிற இடமாக இருக்க முடியாது. எல்லோர் முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது, அப்பளம்கூட யாரும் உடைக்கவில்லை. அவள் வாயிலிருந்து, பாத்திமா மாதா கோயிலுக்கு என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது! அண்ணன் சோற்றைப் பிசைந்தான், அப்பளங்கள் உடைந்தன. மாதா அங்கே இருக்கிறாள், ஆள் இருக்கிறது, போகலாம். அந்த நிம்மதியில் அவள் இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று சாயங்காலமே கொரற்றி மைனி அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏ ஹில்டா, நானும் வாரேன். ஷெரினுக்காக ஒரு நேர்ச்சை இருக்கு. நீயும் தனியாப் போவேண்டாம்லா, துணைக்கு ஆச்சு. ஷெரின் மைனியின் மகள், கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் ஊசி குத்தாத இடம் உடம்பில் இல்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ஹில்டா தலையை ஆட்டினாள். பிறகு தெருவே வந்தது. லில்லி அக்காவின் மூட்டு வலிக்கு ஒரு மெழுகுதிரி, பல்தசார் மாமாவின் குடிக்கு ஒன்று, எதிர்வீட்டுப் பையன் சிஏ பாஸாக ஒன்று, மைனி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாள், ஜெபமாலைக்கு நடுநடுவே அவர்கள் பெயர்களும் ஓடுகின்றன. பங்குச் சாமியார் வேறு பிரசங்கத்துக்குப் பிறகு இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஆசீர்வதித்தார். அன்று நிற்கும்போது ஹில்டாவுக்குக் காது மடல் எரிந்தது. இங்கே இருக்கிற மாதாவும் அங்கே இருக்கிற மாதாவும் ஒரே மாதாதானே மைனி என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்டால் மாதாவே கோபித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

மணி அடித்தது. டோக்கனைப் பார்த்தாள். இன்னும் இல்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் மற்றக் கால் ஆடியது. துணை. அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் தோலுக்குள் அரிக்கிறது. துணைக்கு ஹில்டாவ அனுப்பு. அவள் வாழ்க்கையில் போன ஊரெல்லாம் இந்த ஒரு வரியில் போனவை. அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு மதுரை போனாள், ஆஸ்பத்திரி நடையில் பாய் விரித்துப் படுத்தாள், மீனாட்சி கோயில் கோபுரத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்தாள். ஷெரின் பரீட்சை எழுதச் சென்னைக்கு வந்தபோது துணைக்கு வந்து, வெளியே வேப்பமரத்தடியில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தாள், நீங்களும் அம்மாதானா என்று ஒருத்தி கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டாள், விளக்கிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது. கொரற்றி மைனிக்கே இரண்டாம் பிரசவத்தில் ரத்தம் போனபோது நாகர்கோவில் வரைக்கும் ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்தான். யாருக்கோ கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனாள். கடையை விட்டு வெளியே வரவில்லை, காஞ்சிபுரம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் கண்ணாடி அலமாரி என்றுதான் சொல்வாள். கல்யாணம் ஆகாதவள் என்றால் ஊருக்கெல்லாம் கைப்பை, யார் தோளில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அப்படி நினைப்பது அநியாயம். அவர்கள் அவளை ஒருநாளும் தள்ளி வைத்ததில்லை, நல்ல மீன் துண்டு அவள் தட்டுக்குத்தான் வரும், அவளுக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அதுதான் கோபத்தைக்கூட முழுசாகப் படவிடாமல் செய்கிறது. இப்போது முதன்முதலாகத் தனக்கென்று ஒரு பயணம் போட்டால், பார், தனக்கே ஒரு துணையை ஏற்றிவிட்டார்கள். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அளவில்லாத சிரிப்பு. எதிர் வரிசையில் ஃபைலை மடியில் வைத்திருந்த இளைஞன் ஒருவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வாயை மூடிக்கொண்டாள்.

உண்மையான காரணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொன்னால் அந்தக் கவுண்டர் ஆட்கள் என்ன, அவளே நம்பமாட்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் சின்னப் பெண்ணாக இருந்தபோது சேர்ந்தவள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தென்னங்கயிறு, பனியன், முந்திரி என்று உலகத்துக்கெல்லாம் அவள் கையால் பேப்பர் தட்டி அனுப்புகிறாள், பெட்டிகள் போகின்றன, அவள் சாயங்காலம் மினி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில் போர்ச்சுகல் கப்பல்காரன் ஒருவன் கையெழுத்துக்காக உள்ளே வந்தான். நனைந்த தொப்பி, நரைத்த தாடி, அழகன் ஒன்றுமில்லை. அவளுடைய மேஜையில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தான். மிராந்தா! என்றான். என்றவன் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டான், மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டி, ஏதோ ஒரு தெருவையும் ஏதோ ஒரு கிழவியையும் பற்றிச் சொல்கிற மாதிரி, நடுவில் அவளிடம் கேள்வியும் கேட்டான். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நான் இந்த ஊர்க்காரி என்று இங்கிலீஷில் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், அவன் சிரித்த இடத்தில் சிரித்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷமும் அவள் ஜெரால்டின் தங்கச்சி இல்லை, ஷெரினின் அத்தை இல்லை, அவனுக்குத் தெரிந்த ஏதோ ஊரில் ஏதோ தெருவில் போய்க்கொண்டிருக்கிற ஒரு பொம்பளை. எங்கே போகிறாள், வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் தனியாக வந்தாள் என்று எவரும் கேட்காத பொம்பளை. பிறகு மானேஜர் வந்தார், சார் ஷீ இஸ் லோக்கல் என்றார், அந்த ஆள் வெட்கப்பட்டு ஸாரி கேட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான் கதை. காதலும் இல்லை கத்திரிக்காயும் இல்லை. அவன் முகம்கூட மறந்துவிட்டது. ஆனால் அந்த இன்னொரு பொம்பளை மறக்கவில்லை, அவள் உள்ளே எங்கேயோ ஒரு படகுத்துறையில் காத்திருக்கிறாள். அவளைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஃபோனில் லிஸ்பன் வீடியோ எது வந்தாலும் ஹில்டா ஓரத்தில் நடக்கிற பெண்களைத்தான் தேடுவாள். கடைக்கு முன்னால் நின்றபடியே காப்பி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவள், ஆற்றைக் கடக்கிற படகில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்கிறவள். கொரற்றி மைனி பக்கத்தில் இருந்தால் அந்தப் படகில் என்ன நடக்கும்? செருப்பப் போடு ஹில்டா, சளி பிடிச்சிரும்.

அப்படியே தனியாகப் போனாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? முழங்கால் அந்த மேட்டில் பிடித்துக்கொண்டால்? கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனால்? ஹோட்டல் அறையில் நெஞ்சு வலி வந்து விழுந்து கிடந்தால் கதவைத் தட்டுகிற பெண் எந்தப் பாஷையில் கத்துவாள், அது தூத்துக்குடிக்கு எப்போது வந்து சேரும்? இது எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று இருக்கிறது. ஒன்றுமே நடக்காமல் போய்விட்டால்? படகில் ஏறி, காலை நீட்டி, காப்பி குடித்து, எல்லாம் செய்த பிறகும் உள்ளே ஒன்றும் அசையாமல், அந்த இன்னொரு பொம்பளை என்று யாருமே இல்லை என்று தெரிந்துபோய், அறைக்கு வந்து ஃபோனை எடுத்து, மைனி சாப்பிட்டீங்களா என்று கேட்டு அழுதால்? அப்படி நடக்கலாம். ரொம்பவும் நடக்கலாம். மைனி உடன் இருந்தால் அந்தப் பயம் இல்லை, எதுவும் நடக்கவில்லை என்றால் மைனியால்தான் நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சீ, இதற்காகத்தான் நான் இன்னும் வாயைத் திறக்காமல் இருக்கிறேனா? உடம்பு சட்டென்று சுட்டது, அந்த ஏசியிலும். மைனி என்றாள். என்ன? என்று மைனி மாலையை நிறுத்தினாள். முகத்தில் ரயில் களைப்பு, நெற்றியில் போன வருடம் இல்லாத ஒரு கோடு. குளுருதா? என்று கேட்டாள் ஹில்டா. அதானே, ஐஸ் ஃபேக்டரில உக்காத்தி வச்ச மாதிரி இருக்கு, நீ என் சேலைத் தலப்புக்குள்ள கையை வையி என்றாள் மைனி. கையை வைத்தாள். கதகதப்பாக இருந்தது. இப்படியேதான் முப்பது வருடம் போயிற்று. மணி அடித்தது, இந்தத் தடவை டோக்கனைப் பார்க்காமல் இருந்தாள், மைனிதான் முழங்கையால் இடித்தாள். நம்மளுதுட்டி, எந்திரி.

கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு ஷெரின் வயதுதான் இருக்கும். முதலில் மைனியின் பாஸ்போர்ட்டை எடுத்தாள். என்ன விஷயமாப் போறீங்கம்மா? ஹில்டா மனதுக்குள் திருயாத்திரை, திருயாத்திரை என்று சொல்லிக்கொடுத்தாள். ரயிலில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கொரற்றி மைனி கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சத்தமாகச் சொன்னாள்.

"இவளுக்குத் துணைக்கு."

"துணைக்குன்னு ஒரு காரணம் இதுல இல்லையேம்மா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "சுத்திப் பாக்கவா, கோயிலுக்கா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இவ ஒத்தையில போவக்கூடாது, அதான் காரணம். எல்லாருக்கும் இவதான் துணைக்குப் போயிருக்கா. இவளுக்கு யாரு போயிருக்கா?"

ஹில்டா மைனியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அடுக்களையில் நின்றபடியே, இத்தனை வருடமும். இதை ஒருநாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியது நிஜம். சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும், என்ன ஜென்மம் இது, மனசு மாறவில்லை. அந்தப் படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் துணை வேண்டாம் மைனி."

கவுண்டர் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். மைனி திரும்பினாள். "என்ன சொல்லுத?"

"நான் தனியாப் போவணும். அதுக்குத்தான் போறதே. பாத்திமா மாதான்னு அன்னைக்கு நான் சும்மா சொன்னேன். வேற என்ன சொல்லன்னு தெரியல."

"அது தெரியும்" என்றாள் மைனி. "இத்தன மாசத்துல நீ ஒரு தடவகூட அந்தக் கோயில் பேர எடுக்கல. நான் என்ன கூமுட்டையா? கூட வந்தா சரியாயிரும்னு நெனச்சேன்." ஜெபமாலை அவள் கையில் இறுகியிருந்தது. "சரி. உனக்கு வேண்டாம். எனக்கு வேணுமே ஹில்டா. ஷெரினுக்கு நேந்துட்டேன். அவ்வளவு தூரத்துக்கு என்னைய யாரு கூட்டிட்டுப் போவா? ஒங்க அண்ணனா? அவருக்கு இந்தா பக்கத்துல இருக்க மணப்பாட்டுக்குப் போறதுக்கே நாலு ஆளு வேணும்."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். இதை ஹில்டா யோசித்ததே இல்லை. தன் பயணத்தை ஒருத்தி பறித்துக்கொண்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், அந்த ஒருத்திக்கும் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது, அதுவும் நிஜமான காரணத்தோடு, என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஷெரினின் ஊசித் தழும்புகள் ஞாபகம் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்திமாவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எல்லார் பேருக்கும் திரி ஏத்திட்டு, நீங்க போதும்னு சொல்லுத வரைக்கும் பக்கத்துல நிப்பேன். அது முடிஞ்சதும் லிஸ்பன்ல உங்களுக்கு ஒரு ரூமு, எனக்கு ஒரு ரூமு. காலையில நான் என் பாட்டுக்கு வெளிய போயிருவேன். கூட வரக்கூடாது. எங்க போறேன்னு கேக்கக்கூடாது."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானேம்மா போறீங்க? என்ன போட?" என்றாள் கவுண்டர் பெண், பரிதாபமாக.

"போறது சேந்து" என்றாள் ஹில்டா.

கொரற்றி மைனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யார் இவள் என்று பார்க்கிற பார்வை. "அந்த ஊருல பாஷ தெரியாம நான் ரூமுக்குள்ள ஒத்தையில கெடப்பேன். ராத்திரி சாப்பாட்டுக்காவது வந்துருவியா?"

வந்துருவேன் மைனி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எப்போதும் வருகிற பதில், வாயைத் திறந்தால் தானாக விழுந்துவிடும். ஹில்டா வாயை மூடி அதை விழுங்கினாள்.

"தெரியாது மைனி."

மைனியின் கண் கலங்கியது. ஹில்டா அதைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.